சாம்பிராணி போடாத தவக்காலம்

மாதா உன்னைக் காக்கட்டும்.

நீ விடுதியில் தங்கிப் படித்த காலத்திலிருந்து உனக்கு எழுதுகிற எந்தக் கடிதத்தையும் இந்த வரியில்தான் தொடங்குவேன். இன்றைக்கும் கை தானாக எழுதிவிட்டது. எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக முடியாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடித்துவிட மனம் வரவில்லை. இருக்கட்டும்.

போன வாரம் நீ போனில் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "எம்மா, அரபு நாட்டு விசா வந்துட்டு. ஈஸ்டர் முடிஞ்ச கையோட கெளம்பணும். ஊருக்கு வரத் தோதுப்படாது" என்றாய். பிறகு, "அலமாரியில அந்த டப்பா இருக்குல்லா, அத மட்டும் பார்சல்ல போட்டுரும்மா. தொறக்காம அனுப்பு. அது ஒண்ணுதான் கெடாம இருக்கு" என்றாய். சரி என்றேன். வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பா தலையைத் தூக்காமலே, "வாரானா?" என்று கேட்டார். "டப்பா போவுது" என்றேன். "டப்பாவுக்குக் குடுத்து வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார்.

இந்தக் கடிதம் அந்த டப்பாவோடுதான் வருகிறது. டப்பாவை நீ திறப்பதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள். அது திறக்காத டப்பா இல்லை. சாம்பல் புதனன்று, நெற்றியில் பூசிய சாம்பல் காய்வதற்குள், அதை நான் திறந்துவிட்டேன். ஏன் திறந்தேன் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ கோபப்படுவாய், நான் அழுவேன், சொல்ல வந்தது நடுவில் நின்றுபோகும். எழுத்தில் அப்படி இல்லை. உன்னைப் போலக் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கப் பெட்டி செய்கிற பிள்ளைகள் உன்னோடு இருப்பார்கள். அவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டு. எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வெட்கப்படுகிற கட்டத்தையெல்லாம் தாண்டிவிட்டேன்.

அவர்கள் உன்னிடம் கேட்பார்கள், வற்றாத தாமிரபரணிக் கரையில் பிறந்தவன் காற்றில் எதற்குத் தண்ணீர் தேடினாய் என்று. ஆறு பிறக்கிற மலையைப் பார்த்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். பாபநாசத்தில் பாறையை அடித்துக்கொண்டு விழுகிற அதே தண்ணீர் வயலுக்கும் வாழைக்கும் ஊருக்கும் ஆலைக்கும் கொடுத்துக்கொண்டே வந்து, புன்னக்காயல் பக்கம் கடலைத் தொடும்போது ஆறாக இருப்பதில்லை. கடல்தான் அதற்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நம் கிணறு கரிக்கும். சோறு மஞ்சள் தட்டும். பருப்பை எவ்வளவு நேரம் வைத்தாலும் முழுசு முழுசாகக் கிடக்கும். லாரி வந்தால் குடிக்கத் தண்ணீர், வராவிட்டால் லாரி வரவில்லை என்கிற பேச்சு. வீட்டுக் கணக்கில் அரிசிக்கும் எண்ணெய்க்கும் போல நான் தண்ணீருக்கும் தனியாகக் கணக்கு வைப்பதைப் பார்த்து மற்ற பெண்கள் சிரித்ததுண்டு. அந்தக் கணக்கில் மிச்சம் என்று எழுதிய நாள் எனக்கு நினைவில் இல்லை.

உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, நீ சின்னப் பிள்ளையில் புதுநன்மை, முதல் நற்கருணை, வாங்கிய அன்று கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரலை விட்டு நெற்றியில் வைக்காமல் நாக்கில் வைத்துப் பார்த்தாய். வெள்ளைச் சட்டையும் கையில் மெழுகுதிரியுமாக நின்றுகொண்டு, கோயில் முழுக்கக் கேட்கும்படி, "எம்மா, மாதா தண்ணியும் கரிக்குதே!" என்று கத்தினாய். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிலோமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், "ஏலே, மாதா கடக்கரக்காரில்லா? பின்ன எப்படி இருப்பா?" என்றாள். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பலகாரம் தின்னும்போதும், "மாதாவுக்கு நல்ல தண்ணி யாரும்மா குடுப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். நீ என்ன படித்தாலும் எந்தப் பட்டம் வாங்கினாலும் அந்தக் கேள்விக்குத்தான் படிக்கிறாய் என்று நான் நினைத்துக்கொள்வேன். நீ அப்படி நினைத்தாயா என்று கேட்டதில்லை.

போன வருஷம் ஈஸ்டர் கழிந்து பெட்டியோடு நீ வந்து இறங்கினாய். சோப்புத்தூள் மாதிரி ஒரு பொடியைத் தட்டில் பரப்பிக் காட்டினாய். "எம்மா, இது பூரா ஓட்ட. கண்ணுக்குத் தெரியாத ஓட்ட. ஒரு கரண்டிப் பொடிக்குள்ள இருக்க சுவரயெல்லாம் விரிச்சுப் போட்டா நம்ம கோயில் மைதானம் பத்தாது. ராத்திரிக் காத்துல இருக்க ஈரம் தானா வந்து உள்ள ஒட்டிக்கிடும். பகல்ல வெயிலு ஏறுனா விட்டுரும். விட்டது கண்ணாடியில வேத்து வடிஞ்சு வரும்" என்றாய். கரண்டே வேண்டாமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றாய். உன் அப்பா பொடியை விரலால் நிரடிப் பார்த்துவிட்டு, "அப்ப வலைன்னு சொல்லு" என்றார். "ஆமாப்பா, வலதான். தண்ணிக்குத் தோதா கண்ணு வச்ச வல." "வேற எதும் மாட்டாதாலே?" "உப்புக்குத் துணி கட்டியிருக்கேன்ப்பா. உப்பு உள்ள வராது." அவரும் தலையாட்டினார். உப்பைத் தவிர வேறு எதுவும் அன்றைக்கு எங்கள் மூன்று பேர் நினைப்பிலும் இல்லை. உப்புதானே நமக்கு எதிரி.

பெரிய பெட்டியைக் கோயில் கெபிக்கு முன்னால் வைப்பது என்று முடிவானபோது நீயும் இருந்தாய், பங்குச் சாமியாரும் இருந்தார், நானும் இருந்தேன். பாறை மாதிரி கட்டிய குகைக்குள் மாதா நிற்கிறாள், எதிரே மறைப்பே இல்லாத வெளி, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில், எந்நேரமும் ஆள் நடமாட்டம். அதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது. வெயில் காலத்திலிருந்து மழைக்கு முன்பு வரை அந்தப் பெட்டி குறையாமல் தண்ணீர் கொடுத்தால் தெருவுக்கு ஒன்றாக வைக்க உன் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் சம்மதித்திருந்தார்கள். தினமும் வடிகிற தண்ணீரை அளந்து உனக்குச் சொல்வது என் வேலை. முதல் நாள் தண்ணீரைச் சாமியார் குடித்துவிட்டு, கண்ணை மூடி, திரும்ப ஒரு வாய் குடித்துவிட்டு, "கரிக்கலவே!" என்றார். பிலோமி அழுதாள். பக்கவாதத்தில் படுத்துக் கிடந்த அவள் வீட்டுக்காரருக்கு ஒரு தம்ளர் வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அதற்குப் பிறகு நடந்ததை யார் பேரில் எழுதுவது? தண்ணீர் கிடைத்த ஊர் நன்றி சொல்லாமல் இருக்குமா? மெழுகுதிரி கொண்டுவந்தார்கள். சாம்பிராணி கொண்டுவந்தார்கள். முன்பு சனிக்கிழமைதான் கெபியில் செபமாலை. அது தினமும் ஆயிற்று. நவநாள் வந்தபோது தூபத்தில் மாதா முகமே தெரியவில்லை. பெட்டி காற்றை இழுக்கிற நேரமும் ஊர் கும்பிடுகிற நேரமும் ஒன்றுதான், பொழுது சாய்கிற நேரம். ஒருவரும் பெட்டியைத் தொடவில்லை, ஒருவரும் அதில் கை வைக்கவில்லை. பிள்ளைகள் பக்கத்தில் போனால்கூட அதட்டினார்கள். அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டோம். மாதாவுக்கு முன்னால் புகை போடாதே என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் எந்த வாயால் சொல்வேன்?

ஒரு நாள் தண்ணீரில் வாசம் வந்தது. பிலோமிதான் முதலில் கண்டாள். தம்ளரை மூக்குக்குக் கொண்டுபோனவள் அப்படியே மண்ணில் முழந்தாளிட்டுவிட்டாள். "யக்கா, மாதா வாசம்! மோந்து பாருங்க, மாதா வாசம் வருது!" சாம்பிராணி வாசந்தான். தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. அன்றைக்கே அவள் வீட்டுக்காரருக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்தாள். அவர் வலது கை விரல் அசைந்ததாகச் சொன்னாள். நானும் போய்ப் பார்த்தேன். அசைந்த மாதிரித்தான் இருந்தது. பிறகு கேட்க வேண்டுமா? பக்கத்து ஊர்களிலிருந்து பாட்டிலோடு வந்தார்கள். சொட்டுச் சொட்டாக வடிகிறதை வரிசையில் நின்று வாங்கினார்கள். நான் உனக்குப் போனில், "தண்ணி கொறயுது. ஆனா வாசம் வருது" என்றேன். "என்ன வாசம்?" என்றாய். "நல்ல வாசந்தான்" என்றேன். நீ ரொம்ப நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து நான் வைத்துவிட்டேன்.

ஆய்வுக்கூடத்துக்காரர்களோடு நீ வந்த அன்று நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டாம். ஆனால் நீ நின்ற இடத்திலிருந்து தெரியாதது ஒன்று உண்டு. நீ தட்டை உருவி முகர்ந்தபோது பெண்கள் எல்லாரும் செபமாலையை நிறுத்திவிட்டு உன் முகத்தைத்தான் பார்த்தார்கள். நம்ம ஊர்ப் பையன், படித்த பையன், இவன் வாயால் மாதா செய்த புதுமை என்று சொல்லிவிட்டால் போதும் என்று பார்த்தார்கள். நீ, "இத யாரும் குடிக்காதிய. பொடி கெட்டுப் போச்சு. பொகையில இருக்க பிசினு உள்ள போயி ஓட்டய அடச்சிட்டு, வெயிலுக்கு அது வெளிய வராது. இது புதுமை இல்ல" என்றாய். பிலோமி எழுந்து வந்தாள். "அப்ப அவரு வெரலு அசஞ்சது பொய்யாலே?" "அது எனக்குத் தெரியாது சித்தி." "தெரியாதுல்லா? பின்ன என்னத்துக்குப் பேசுத?" அந்த இடத்தில் உனக்குப் பொறுமை போய்விட்டது. வந்திருந்த பெரியவர்கள் கருவியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன். உன் உழைப்பெல்லாம் அந்தப் பைக்குள் போய்க்கொண்டிருந்தது. "எல்லாரும் சேந்து கும்பிட்டே கெடுத்துட்டிய" என்று கத்தினாய்.

பெட்டியையும் கழற்றி எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் போனாய். கிறிஸ்துமசுக்கும் வரவில்லை. அதற்கு முந்தின வாரந்தான் பிலோமி வீட்டுக்காரர் போனார். அடக்கத்துக்குப் போய்விட்டு வருகிற வழியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தண்ணி நிக்காம இருந்திருந்தா இருந்திருப்பாருக்கா" என்றாள். உன் பேரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை.

எய்யா, நீ சொன்ன சொல்லில் எனக்குக் கோபம் இல்லை. அது உண்மையா என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. என் வாழ்க்கை முழுக்க நான் முழந்தாளிட்டுக் கேட்டது தண்ணீர் ஒன்றைத்தான். உனக்குப் படிப்பு கேட்டது உண்டு, உன் அப்பா கடலிலிருந்து திரும்ப வேண்டும் என்று கேட்டது உண்டு. ஆனால் நாள் தவறாமல் கேட்டது தண்ணீர். அதை ஆண்டவர் என் வயிற்றில் பிறந்த பிள்ளை கையில் கொடுத்தனுப்பி, அவன் அதைக் கொண்டுவந்து மாதா காலடியில் வைத்து, நாங்கள் நன்றி சொன்ன புகையிலேயே அது செத்துப்போனது என்றால், நான் யாரிடம் போய் எதைக் கேட்பது? கடல் உப்பு கெடுத்தது என்றால் தாங்கிக்கொள்வேன். படகு டீசல் என்றால் தாங்கிக்கொள்வேன். கருவாட்டு நாற்றம் என்றால் சந்தோஷமாகத் தாங்கிக்கொள்வேன். கும்பிட்டதால் கெட்டதா, இல்லையா? எனக்கு அது மட்டும் தெரிய வேண்டியிருந்தது. உன்னைக் கேட்டால், "ஆமா" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவாய். கணக்கு எழுதுகிறவளுக்கு அடுத்தவர் போட்ட கூட்டல் போதாது. நானே கூட்டிப் பார்க்க வேண்டும்.

அதனால்தான், பெரிய பெட்டிக்குப் போட்டதுபோக நீ மிச்சம் வைத்த பொடி இருந்த டப்பாவைத் திறந்தேன். நீ முதன்முதலில் காட்டுவதற்காகக் கொண்டுவந்த சின்னக் கண்ணாடிப் பெட்டி பரணில் கிடந்தது. அதில் இந்தப் பொடியைப் பரப்பி, உப்புக்கு நீ கட்டுகிற அதே துணியைக் கட்டி, மொட்டைமாடியில் வைத்தேன். நீ போட்ட படங்களையும் போனில் கிடைத்த பாடங்களையும் பார்த்து எந்த நேரம் திறப்பது, எந்த நேரம் மூடுவது என்று கற்றுக்கொண்டேன். அதே கடற்காற்று, அதே உப்பு, அதே வெயில். ஒன்று மட்டும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். தவக்காலம் முழுக்க நம் வீட்டில் சாம்பிராணி போடவில்லை. மெழுகுதிரி ஏற்றவில்லை. கொசுவத்தி கூட வைக்கவில்லை. சாயங்காலச் செபத்தை இருட்டில் சொன்னோம்.

ஊரில் இதெல்லாம் மறையுமா? பிலோமி வாசலில் நின்று, "யக்கா, தவக்காலத்துக்கு மீன விடுவாவ, கறிய விடுவாவ, பூ வைக்கத விடுவாவ. சாம்பிராணிய விட்டவிய ஒங்களத்தான் பாக்கேன்" என்றாள். உன் அப்பா உள்ளேயிருந்து, "அடுத்த வருசம் செபத்த விட்டாலும் விடுவா" என்றார். நான் அதோடு நிற்கவில்லை. "பிலோமி, ஒன் கருவாட்ட எங்க மாடியில காயப்போடேன்" என்றேன். அவளுக்கு நம்ப முடியவில்லை. "நாறும்னு சண்ட போடுவியளே?" "நாறட்டும்" என்றேன். எய்யா, எனக்கு அந்தக் கருவாடு குற்றவாளியாக வேண்டும். பெட்டிக்குப் பக்கத்திலேயே பாயை விரித்து நெத்திலியும் சாளையும் காயப்போட்டாள். தினமும் மதியம் வடிகிற தண்ணீரை எடுத்து மூக்கில் வைத்து, நாறு, நாறு என்று வேண்டினேன். தண்ணீர் நாற வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்ட முதல் பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

முதல் இரண்டொரு நாள் லேசாக மீன் வாடை இருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! பிறகு வெயிலில் அதுவும் போய்விட்டது. சின்னத் தட்டுதானே, ஒரு தம்ளர் தண்ணீர்தான் வரும். குறையாமல் வந்தது. அளந்ததையே திரும்பவும் அளந்து பார்த்தேன். குருத்து ஞாயிறு வந்தது, குறையவில்லை. பெரிய வெள்ளி வந்தது. கோயிலில் ஆண்டவருடைய தாகத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார்கள். நான் அதைக் கேட்கவில்லை. வீட்டு மாடியில் இந்நேரம் கண்ணாடியில் வேர்த்து வடிந்துகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பிலோமி கருவாடு புரட்ட மாடிக்கு வந்தாள். நல்ல வெயில். பெட்டியடியில் இருந்த பாட்டிலை எடுத்து, நான் தடுப்பதற்குள் மடக் மடக்கென்று குடித்துவிட்டாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னக்கா தண்ணி இது? ஒண்ணுமே இல்லாம இருக்கு." அவள் குனிந்து பெட்டியைப் பார்த்தாள். கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். கெபியில் மாதக்கணக்காகப் பார்த்த துணிதானே. என் வீட்டில் ஏன் சாம்பிராணி இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. படிக்காதவள்தான், புத்தியில்லாதவள் இல்லை. பாட்டிலைத் திரும்ப மூக்கில் வைத்து முகர்ந்தாள். கவிழ்த்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு அதையும் முகர்ந்தாள்.

"அப்ப ஒங்க மவன் சொன்னது நெசந்தானாக்கா?"

"ஆமாட்டி."

"அவரு வெரலு?"

நீ சொன்னதையே சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். தெரியாது என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு பாயிலிருந்த கருவாட்டையெல்லாம் கடவப் பெட்டியில் அள்ளினாள். பாதி காயாமல் ஈரமாகத்தான் இருந்தது. படியிறங்கும்போது, "யார்ட்டயும் சொல்லாதிய" என்றாள். அவ்வளவுதான். எதைச் சொல்லாதே என்கிறாள், தண்ணீரையா, விரலையா, அவள் குடித்ததையா, எனக்குத் தெரியவில்லை. நேற்றிலிருந்து அவள் வீட்டு வாசல் கதவு சாத்தியிருக்கிறது.

இப்போது தாயாக உனக்குச் சில வார்த்தை சொல்ல வேண்டும். நீ உண்மையைத்தான் சொன்னாய். ஆனால் பிலோமியிடம், "தெரியாது சித்தி" என்று சொன்ன இடத்தில் நின்றிருக்கலாம். தெரியாது என்பதும் உண்மைதானே. அதற்கு மேல் நீ சொன்னது உண்மையாக இருந்தாலும், சொன்னது உன் கோபம். நீ போகிற இடத்திலும் உன் பெட்டி கெடும். கெடாத பெட்டி இருக்குமென்று நம்புகிற வயது எனக்குத் தாண்டிவிட்டது. அன்றைக்கு யார் முகத்தைப் பார்த்து எதைச் சொல்கிறாய் என்று ஒரு நிமிஷம் யோசி.

இன்னொன்று. விசாவுக்கு எழுதிப் போட்டபோதே, பாலைவனத்தில் காற்று சுத்தம், அங்கே இது பழுதில்லாமல் ஓடும் என்று சொன்னாய். போன மாதம் காயல்பட்டினத்தில் துணி எடுக்கப் போனபோது கடைக்கார அண்ணனிடம், அங்கே காக்கா என்பார்கள், பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் அரபு நாட்டில் வெகுகாலம் இருந்து வந்தவர். "நல்ல சாம்பிராணியே அந்தப் பக்கத்து மரத்துல வடியுற பாலுதாம்மா. அங்க வீட்டுக்கு வீடு பொகை உண்டு. உடுத்துற துணிக்கும் போடுவாங்க" என்றார். நீ சாம்பிராணிக்குப் பயந்து சாம்பிராணி பிறக்கிற ஊருக்குப் போகிறாய் ஐயா. அதனால் பெட்டியை வைப்பதற்கு முன்னால், இங்கே மக்கள் எங்கே என்ன எரிக்கிறார்கள், எந்த நேரம் எரிக்கிறார்கள் என்று கேள். சமையல்காரியிடம் கேள், கூட்டுகிறவனிடம் கேள். கேட்டுவிட்டு, அவர்களைத் தள்ளிப் போகச் சொல்லாதே, நீ பெட்டியைத் தள்ளி வை. நாம் இரண்டு பேரும் இங்கே அதைச் செய்யவில்லை. தள்ளி வைத்திருந்தாலும் நம் சனங்கள் பின்னாலேயே புகையோடு போயிருப்பார்கள் என்றும் தோன்றுகிறது. என்ன செய்திருந்தால் நன்றாயிருக்கும் என்று யோசித்து யோசித்து, ஒன்றும் நன்றாக வந்திருக்காது என்கிற இடத்தில்தான் வந்து நிற்கிறேன்.

இந்தப் பொடியை நானே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. நீ திட்டமாட்டாய் என்றும் தெரியும். என் ஒருத்திக்குத் தினமும் ஒரு தம்ளர் நல்ல தண்ணீர், கரிக்காத தண்ணீர். ஆனால் அது வேண்டுமென்றால் இந்த வீடு புகையில்லாத வீடாகவே இருக்க வேண்டும். ஊர் முழுக்கத் தூபம் போடுகிற நேரத்தில் நான் மட்டும் இருட்டில் உட்கார்ந்து, என் தண்ணீரைக் காத்துக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீரில் வாசமே இல்லையே ஐயா, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பளிங்கு மாதிரி இருக்கிறது. குடிக்கும்போதெல்லாம் யாருடைய வேண்டுதலும் படாத தண்ணீரைக் குடிக்கிறேன் என்று தோன்றுகிறது. அதனால் அனுப்பிவிடுகிறேன். கெடவில்லை. என் நெற்றிச் சாம்பலும் பிலோமி கருவாடும் தவிர வேறு எதுவும் அதன் பக்கத்தில் போகவில்லை.

இன்று உயிர்த்த ஞாயிறு. பூசை முடிந்து வந்து, மதிய வெயிலில் பொடியில் இருந்த கடைசி ஈரம் வரைக்கும் வடியவிட்டு, நீ கற்றுக்கொடுத்தபடி காற்று புகாமல் டப்பாவை மூடி, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டினேன். கடைசித் தம்ளரை உன் அப்பாவுக்குக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நல்ல தண்ணி" என்றார். "அவன்கிட்ட சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

பொழுது சாய்ந்ததும் பீடத்தைத் துடைத்து, மெழுகுதிரி ஏற்றி, கரியில் சாம்பிராணி போட்டேன். புகை முன்பு போலவே எழும்பி மாதா முகத்தை மறைத்தது. எனக்கு ஏதாவது ஆகும் என்று பயந்தேன். வாய் எழும்பாது, பாதியில் எழுந்து வந்துவிடுவேன் என்றெல்லாம் பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை எய்யா. முழந்தாளிட்டதும் பழக்கத்தில் வாய் முதலில் கேட்டது தண்ணீரைத்தான்.

உன் அம்மா